மஸ்டாங் தப்பித்தது, ஈக்கோஸ்போர்ட் நின்றது: மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த உறுமல் பழக்கமாகியிருக்கும். பின்னால் எங்கோ தொடங்கும், என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் வந்து தாண்டிப் போய்விடும். முன்பக்க கிரில்லில் ஓடும் குதிரைச் சின்னம். டீக்கடை வாசலில் நிற்கும் இளைஞர்கள் செல்போனை எடுப்பதற்குள், "மஸ்டாங்குடா!" என்று சொல்ல மட்டும்தான் நேரம் இருக்கும்.

அங்கிருந்து தெற்கே கல்பாக்கம் வந்து, திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ளே திரும்பினால் அணுபுரம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பு. இங்கே வண்டி நிறுத்துகிற இடங்களில் நிற்பதும் அதே ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள்தான். ஆனால் ஐகான், ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட். மாதத் தவணை கட்டி வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியவர்களைக் கோயிலுக்கும் கொண்டுபோய்விட்டு வந்த கார்கள். செங்கல்பட்டு வழியாக ஒரு மணி நேரம் ஓட்டினால், இவை பிறந்த மறைமலை நகர் ஆலைக்கே போய் நிற்கலாம்.

ஆலை அங்கேதான் இருக்கிறது. 2022-க்குப் பிறகு அதிலிருந்து கார் வருவதில்லை.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும். 1964-ல் பிறந்த மஸ்டாங் இரண்டு முறை சாகப்பார்த்து இன்றும் ஓடுகிறது. 1999-ல் தொடங்கிய மறைமலை நகர் ஆலையோ 23 ஆண்டுகளில் நின்றுபோனது. இரண்டையும் நடத்தியது ஒரே கம்பெனி.

மசில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவு உடம்பில் மிகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி, சாதாரணச் சம்பளக்காரரும் எட்டிப்பிடிக்கிற விலையில் விற்றால் அது மசில் கார். 1964-ல் பான்டியாக் நிறுவனம் கொண்டுவந்த ஜிடிஓ-வைத்தான் இந்த வகையின் முன்னோடியாகப் பலரும் சொல்வார்கள். மஸ்டாங்கைக் கறாராகப் பேசும் கார் பிரியர்கள் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது 'போனி கார்', அதாவது அதைவிடச் சிறிய, இலகுவான வகை. மஸ்டாங் வந்த பிறகு அதன் பெயரை வைத்தே உண்டான பிரிவு அது. நம்ம ஊரில் இந்தச் சண்டைக்கெல்லாம் இடமில்லை. வி8 இன்ஜின், நீண்ட பானெட், காது கிழிக்கும் சத்தம் இருந்தால் மசில் கார்தான்.

மஸ்டாங்கின் ரகசியம் அதன் சிக்கனத்தில் இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. ஃபோர்டிடம் அப்போது ஃபால்கன் என்ற எளிய குடும்பக் கார் இருந்தது. அதன் அடித்தளத்தையும் பாகங்களையும் எடுத்து, மேலே அழகான உடம்பைப் போர்த்தினார்கள். ஃபோர்டு பிரிவின் பொது மேலாளராக இருந்த லீ அயகோக்காவின் கணக்கு அது. 1964 மார்ச் 9-ல் மிச்சிகன் மாநிலம் டியர்பார்ன் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 கார்களுக்கு ஆர்டர் வந்தது. வருடத்துக்கு ஒரு லட்சம் விற்றால் போதும் என்று நினைத்திருந்த நிறுவனம், முதல் 12 மாதத்தில் நாலு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சமாவது மஸ்டாங் வெளியே வந்துவிட்டது.

சாகக் கிடந்த குதிரை

அதன் பிறகு ஒவ்வொரு மாடலிலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய சுறுசுறுப்பு போய்விட்டது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. 1974-ல் வந்த 'மஸ்டாங் 2', பின்டோ என்ற சிறிய காரின் அடித்தளத்தில் செய்யப்பட்டது. முதல் ஆண்டில் அதில் வி8 இன்ஜினே கிடையாது. இன்றைக்கும் ரசிகர்கள் அந்த மாடலைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்த வருடம் 3.8 லட்சத்துக்கு மேல் விற்றது. கேலிக்கு ஆளான அந்தக் கார்தான் பெயரை உயிரோடு வைத்திருந்தது.

இரண்டாவது கண்டம் எண்பதுகளில் வந்தது. ஜப்பானின் மாஸ்டாவுடன் சேர்ந்து முன்சக்கர இயக்கம் கொண்ட புதிய காரைச் செய்து, அதற்கே மஸ்டாங் பெயரை வைத்துவிடத் திட்டம். செய்தி கசிந்ததும் ரசிகர்கள் ஃபோர்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. நிறுவனம் பின்வாங்கியது. அந்தப் புதிய கார் 'ப்ரோப்' என்ற வேறு பெயரில் மிச்சிகனின் ஃப்ளாட் ராக் ஆலையில் தயாராகி, சில ஆண்டுகளில் மறந்தும் போனது. பழைய மஸ்டாங் தப்பித்தது. வேடிக்கை என்னவென்றால், 2004 முதல் மஸ்டாங் தயாராவது அதே ஃப்ளாட் ராக் ஆலையில்தான். ஒரு கோடியாவது மஸ்டாங் 2018 ஆகஸ்டில் அங்கிருந்துதான் வெளியே வந்தது.

அடித்தளம் மாறியது, ஆலை மாறியது, இன்ஜின் மாறியது. பெயரை மட்டும் ஃபோர்டு மாற்றவில்லை. இந்தியாவில் அது செய்தது நேர் எதிர்.

மறைமலை நகரில் முதல் கார்

ஃபோர்டு இந்தியாவுக்குப் புதிது இல்லை. 1926-லேயே கனடா ஃபோர்டின் கிளையாக இங்கே பதிவாகி, பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி விற்றது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும் ஐம்பதுகளில் மூட்டை கட்டியது. திரும்ப வந்தது 1995-ல், மஹிந்திராவுடன் பாதிக்குப் பாதி பங்கு போட்டு. முதல் கார் எஸ்கார்ட், மஹிந்திராவின் நாசிக் ஆலையில் தயாரானது. 1998-ல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. பெயர் ஃபோர்டு இந்தியா ஆனது.

சொந்த ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் மறைமலை நகர். சென்னைக்குத் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊர், ஜி.எஸ்.டி. சாலை, பக்கத்திலேயே ரயில் பாதை, ஒன்றரை மணி நேரத்தில் துறைமுகம். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில் ஐகான், ஃபியூஷன், ஃபியெஸ்டா, ஃபிகோ என்று ஒரு தமிழ் எழுத்துகூட ஒட்டாத பெயர்களாக வரிசைகட்டி வந்தது தனிக்கதை.

1999 நவம்பரில் ஐகான் வந்தது. ஐரோப்பாவின் ஃபியெஸ்டா காரை எடுத்து, பின்னால் டிக்கி வைத்து, இந்தியக் குடும்பத்துக்காகவே மாற்றியமைத்த கார். அதன் 1.6 லிட்டர் ரோகாம் இன்ஜின் 90 குதிரைத்திறனுக்கு மேல் தந்தது. மாருதி 800 ஓட்டிப் பழகிய கால்களுக்கு அது ராக்கெட். பழைய ஐகானை இன்றும் விற்காமல் வைத்திருப்பவர்களைக் கேட்டால், "பிக்கப் மாதிரி வருமா சார்?" என்றுதான் தொடங்குவார்கள். நடுத்தர வர்க்கத் தமிழ்நாட்டின் மசில் கார் எது என்று கேட்டால், அந்த 1.6 ஐகானைச் சொல்வதில் தப்பே இல்லை. அது மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும்கூடப் போனது.

ஆனால் கணக்கில் ஒரு கோளாறு அப்போதே தெரிந்தது. ஐகானுக்கு ஓராண்டு முன்பு, 1998-ல், ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவைக் கொண்டுவந்திருந்தது. சின்னக் கார், சின்ன விலை. பைக்கிலிருந்து காருக்கு மாறும் குடும்பம் வாங்குவது எதை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஃபோர்டு டிக்கி வைத்த செடானில் தொடங்கி, மொண்டியோ, எண்டெவர் என்று மேலே மேலே போனது. உண்மையான சின்னக் காரைக் கொண்டுவர ஐகானுக்குப் பிறகு பத்து வருடம் ஆனது.

ஃபிகோவும் நாலு மீட்டர் கணக்கும்

2006 மத்திய பட்ஜெட்டில் ஒரு விதி வந்தது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி-க்குள் அல்லது டீசல் 1,500 சிசி-க்குள் இருந்தால் உற்பத்தி வரி குறைவு. இந்தியாவில் கார் வடிவமைப்பை மாற்றிய விதி இது. இன்று தெருவில் நிற்கும் பாதி கார்களின் பின்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கக் காரணமும் இதுதான்.

இதை நம்பி 2008-ல் 50 கோடி டாலர் முதலீட்டை ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரின் திறன் ஆண்டுக்கு இரண்டு லட்சம் கார், இரண்டரை லட்சம் இன்ஜின் என்று இரட்டிப்பானது. 2010 மார்ச்சில் ஃபிகோ வந்தது, தொடக்க விலை 3.49 லட்சம் ரூபாய். முதல்முறையாக ஃபோர்டு ஷோரூமில் கூட்டம். ஆலையைச் சுற்றி சிங்கபெருமாள் கோயிலிலிருந்து கூடுவாஞ்சேரி வரை வாடகை ஏறியது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களுக்குக் கல்யாணச் சந்தையில் "ஃபோர்டுல பர்மனென்ட்" என்பது ஒரு தகுதியாகவே இருந்த காலம் அது.

அமெரிக்காவுக்குப் போன செங்கல்பட்டு கார்

2013 ஜூனில் ஈக்கோஸ்போர்ட். பிரேசிலில் வடிவமைத்த இந்த வண்டியை நாலு மீட்டருக்குள் அடக்கி, 5.59 லட்சத்திலிருந்து விலை வைத்தார்கள். உயரமாக, எஸ்யூவி தோற்றத்தில், சின்னக் காரின் வரியில். 999 சிசி-யில் மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினும் கிடைத்தது. முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை. அந்தச் சந்தையைத் திறந்தது மறைமலை நகர்தான் என்பதில் சந்தேகமில்லை.

கதையின் உச்சம் இனிமேல்தான். 2018 தொடக்கத்தில் ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைக் கழற்றி, அந்த நாட்டு விதிகளுக்கு ஏற்ப மாற்றி, மறைமலை நகரில் செய்து கப்பலில் ஏற்றினார்கள். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் அங்கே தலா 50,000-க்கு மேல் விற்றது. ஃபோர்டு பிறந்த மிச்சிகனிலேயே ஒருவர் ஷோரூமுக்குப் போய் 'மேட் இன் இந்தியா' ஃபோர்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஈ.சி.ஆரில் ஒரு மஸ்டாங் போனால் நாம் வாய்பிளந்து பார்க்கிறோம். அதே வருடங்களில் அவர்கள் ஊர் சாலையில் நம் செங்கல்பட்டு கார்கள் ஆயிரக்கணக்கில், யாரும் திரும்பிப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்தன.

மஸ்டாங்கை இங்கேயே செய்திருக்க முடியாதா?

பலர் கேட்கும் கேள்வி. மஸ்டாங் இந்தியாவுக்கு வந்தது 2016 ஜூலையில். அதற்கு முன் அதிகாரபூர்வமாக வர வழியில்லை, ஏனென்றால் 2015 மாடல் வரும்வரை ஆலையிலேயே வலதுபக்க ஸ்டியரிங் வைத்த மஸ்டாங் தயாரானதில்லை. 5 லிட்டர் வி8, 401 பிஎஸ் திறன், டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். முழுக் காராக இறக்குமதி. பெட்ரோல் இன்ஜின் 3,000 சிசி-யைத் தாண்டினால் அப்போது காரின் மதிப்பில் நூறு சதவீதம் சுங்க வரி இருந்தது. அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர் கடனில் வாங்கும் கார், இங்கே தொழிலதிபரின் மூன்றாவது காராக மாறுவது இந்த வரியில்தான்.

இங்கேயே செய்தால் வரி மிச்சமாகுமே? ஆகும். ஆனால் ஒரு காரின் உடம்புத் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்கும், அவற்றைப் பற்றவைக்கும் வரிசைக்கும் ஆகும் செலவு, நூறு கார் செய்தாலும் ஒன்றுதான், ஒரு லட்சம் செய்தாலும் ஒன்றுதான். 2016-ல் உலகம் முழுக்க விற்ற மஸ்டாங் ஒன்றரை லட்சம் சொச்சம். அதை ஃப்ளாட் ராக் ஆலை ஒன்றே செய்து முடித்தது. இந்தியாவின் சில நூறு கார்களுக்காக இன்னொரு வரிசை போட எந்தக் கம்பெனியும் துணியாது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் அந்த இறக்குமதியும் நின்றது.

எங்கே இடறியது?

மறைமலை நகரை விழுங்கியதும் இதே எண்ணிக்கைக் கணக்குதான். 2015-ல் குஜராத்தின் சானந்தில் 100 கோடி டாலரில் இரண்டாவது ஆலையை ஃபோர்டு திறந்தது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு நாலு லட்சம் கார் செய்யலாம். கடைசிக் காலத்தில் ஓடியது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதிலும் பாதி ஏற்றுமதி. முதல் ஆலையே நிரம்பாதபோது இரண்டாவதைக் கட்டியதுதான் பெரிய பிழை என்று இன்று சொல்வது சுலபம். அன்றைக்கு இந்தியச் சந்தை உலகின் மூன்றாவது பெரிய சந்தையாகப் போகிறது என்ற கணிப்பை எல்லோருமே நம்பினார்கள்.

இன்னொரு காரணம் டியர்பார்னில் இருந்தது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு ஒரு முடிவை அறிவித்தது: வட அமெரிக்காவில் ஃபியெஸ்டா, ஃபியூஷன், டாரஸ் எல்லாவற்றையும் படிப்படியாக நிறுத்துகிறோம், பிக்கப்பும் எஸ்யூவியும்தான் இனி தொழில். கார் வரிசையில் பழைய பெயர்களில் தப்பியது மஸ்டாங் மட்டும். சின்னக் கார் என்பதே கம்பெனிக்கு வேண்டாத பிள்ளையாகிவிட்டது. பெரும்பாலும் அதையே செய்துவந்த ஆலை மறைமலை நகர்.

அடுத்து எந்த மாடல் என்ற கேள்விக்குப் பதில் வரவே இல்லை. ஹூண்டாயும் மாருதியும் வருடத்துக்கு ஒன்றிரண்டு புது வண்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, ஈக்கோஸ்போர்ட் பவுடர் பூசிக்கொண்டு எட்டு வருடம் ஓடியது. மறுபடி மஹிந்திராவோடு கூட்டு என்று 2019 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 டிசம்பர் 31-ல் அது முறிந்தது.

2021 செப்டம்பர் 9: பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்றது. அதே அறிவிப்பில், மஸ்டாங்கை இறக்குமதி செய்து இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தருவோம் என்றும் ஒரு வரி இருந்தது. வேலை போகிறவனுக்கு அந்த வரியை யார் படித்துக் காட்டியிருப்பார்களோ! 2025 முடியும்வரை அதுவும் நடக்கவில்லை.

மஸ்டாங்குக்கு ஆபத்து வந்தபோது கடிதம் எழுத அதை வாங்கியவர்கள் இருந்தார்கள். மறைமலை நகருக்காகத் தெருவில் இறங்கியது அங்கே வேலை பார்த்தவர்கள் மட்டும்தான். 2022 மே இறுதியில், இழப்பீட்டுத் தொகை போதாது என்று ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பெரும்பாலோர் முப்பதுகளில் இருந்தவர்கள். வீட்டுக் கடன் பாதி கட்டியிருந்தது, பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில். இன்னொரு கார் கம்பெனி போனால் புதுப் பையனின் சம்பளத்தில் தொடங்க வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 130 நாள் மொத்தச் சம்பளம் என்ற கணக்கில் பேச்சு முடிந்தது. அந்த ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வரிசையை விட்டு இறங்கியது. அதோடு அமெரிக்காவிலும் அதன் விற்பனை முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உதிரிபாக ஆலைகளில் இருந்தவர்களுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

திரும்பி வருவது கார் இல்லை, இன்ஜின்

சானந்த் கார் ஆலையை டாடா மோட்டார்ஸ் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. மறைமலை நகரையும் விற்கப் பேச்சு நடந்து, கடைசி நேரத்தில் ஃபோர்டு வேண்டாம் என்றுவிட்டது. 2024 செப்டம்பரில், முதல்வர் மு.க. ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தின்போது நடந்த சந்திப்பைத் தொடர்ந்து, ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு 3,250 கோடி ரூபாய். ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின். உற்பத்தி தொடங்குவது 2029-ல். நேரடி வேலை 600-க்கு மேல்.

"அப்போ மஸ்டாங் இன்ஜினா?" என்று சமூக ஊடகத்தில் உடனே கேள்வி கிளம்பியது. எந்த இன்ஜின், எந்த நாட்டுக்கு என்பதை உற்பத்தி நெருங்கும்போது சொல்கிறோம் என்பதுதான் ஃபோர்டின் பதில். மஸ்டாங்கின் வி8 கனடாவின் வின்ட்சரில் தயாராகிறது. அதை இங்கே மாற்றுவதாக யாரும் பேசவில்லை.

இன்ஜின் மட்டும் ஏன்? சானந்திலேயே விடை இருக்கிறது. கார் ஆலையை மூடும்போதும் அங்கே இருந்த இன்ஜின் பிரிவை ஃபோர்டு விடவில்லை. வெளிநாடுகளில் விற்கும் ரேஞ்சர் பிக்கப்புக்கு அங்கிருந்து இன்ஜின் போகிறது. இன்ஜினுக்கு விளம்பரம் வேண்டாம், டீலர் வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புது முகமும் வேண்டாம். இந்தியாவில் கார் விற்கத் தெரியவில்லை, ஆனால் நல்ல பொருளைக் குறைந்த செலவில் செய்யத் தெரிந்த ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதை 23 ஆண்டு அனுபவத்தில் ஃபோர்டு கண்டுகொண்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆலை மூடியபோது மறைமலை நகரில் இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர். புதிதாக வரப்போவது 600 சொச்சம் இடங்கள். அன்று 35 வயதில் வெளியே வந்தவருக்கு 2029-ல் 42 வயதாகியிருக்கும்.